ஸ்கிரிப்ட் ஓடுகிறது, டேட்டா ஏறவில்லை: எங்கே தேடுவது?

டேட்டாபேஸில் டேட்டாவை ஏற்றும் ஸ்கிரிப்ட் எரர் அடித்து நின்றால்கூடப் பரவாயில்லை, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேடலாம். எரரே இல்லாமல் ஓடி முடிந்து, டேபிளைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும் பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். இரண்டிலுமே நம்மில் பலர் செய்வது, கோடில் அங்கே இங்கே கையை வைத்துவிட்டு மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதை நிறுத்திவிட்டு, சிக்கல் எந்த இடத்தில் என்று முதலில் பிரியுங்கள். சர்வர் வரை போய்ச் சேர்ந்ததா, உள்ளே விட்டதா, அனுப்பியது சரியாகப் போனதா, போனது தங்கியதா.

இதற்குப் பத்து வரியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும். கனெக்ட் பண்ணு, 'செலக்ட் 1' (1 என்ற எண்ணைத் திருப்பித் தரச் சொல்லும் குட்டிக் கேள்வி) கேள், பதிலை அச்சிடு, மூடு. இதுவே ஓடவில்லை என்றால் உங்கள் முந்நூறு வரி லோடர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதைத் தொடாதீர்கள்.

ஓடாதபோது, எரர் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கவனியுங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே முகத்தில் அடித்தால், பெரும்பாலும் மெஷின் இருக்கிறது, அந்த போர்ட்டில் (சர்வரின் கதவு எண் மாதிரி) கேட்க ஆள் இல்லை. சர்வர் நின்றிருக்கும், அல்லது போர்ட் எண் தப்பு (டேட்டாபேஸ் சர்வர்களில் மைஎஸ்கியூஎல் வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் 5432). ரொம்ப நேரம் சும்மா நின்றுவிட்டு டைம்அவுட் ஆனால், நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது அல்லது முகவரியே வேறு. இரண்டிலும் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண், ஏனென்றால் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கே நீங்கள் இன்னும் போகவில்லை.

லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே மெஷின்', என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் மைஎஸ்கியூஎல் கிளையன்ட் அந்தப் பெயரைப் பார்த்தால் நெட்வொர்க் வழியாகப் போகாமல் சாக்கெட் ஃபைலை (அதே மெஷினுக்குள் பேசிக்கொள்ளும் வழி) தேடும், 127.0.0.1 என்று கொடுத்தால்தான் போர்ட் வழியாகப் போகும். டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், வெளியே இருக்கும் உங்கள் மெஷின் இல்லை.

மைஎஸ்கியூஎல்லின் 1045 எரர் ('அனுமதி இல்லை') வந்தால் மகிழ்ச்சி, வாசல் வரை வந்துவிட்டீர்கள். மைஎஸ்கியூஎல்லில் யூசர் பெயரும் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்துதான் ஒரு அக்கவுன்ட், அதனால் சர்வரில் உட்கார்ந்து போட்டால் ஏற்கிற அதே பாஸ்வேர்ட் உங்கள் லேப்டாப்பிலிருந்து போட்டால் செல்லாமல் போகலாம். இன்னொன்று, கனெக்ஷன் விவரத்தை ஒரே யூஆர்எல்லாக எழுதுகிறவர்கள் பாஸ்வேர்டில் @ இருந்தால் அதை %40 என்று எழுத வேண்டும், இல்லையென்றால் அது பாஸ்வேர்ட் எங்கே முடிகிறது, ஹோஸ்ட் எங்கே தொடங்குகிறது என்பதைக் குழப்பிவிடும்.

சர்வரே இல்லாமல் ஒரே ஃபைலில் டேட்டாபேஸை வைக்கும் எஸ்கியூலைட்டில் கனெக்ஷன் எரர் அபூர்வம், அதுதான் அதன் சிக்கலே. நீங்கள் சொன்ன ஃபைல் அங்கே இல்லையென்றால் சத்தமில்லாமல் புதிதாக ஒரு காலி ஃபைலை உருவாக்கிவிட்டு, அப்புறம் 'அப்படி ஒரு டேபிள் இல்லை' என்று சொல்லும். கையால் ஓட்டினால் சரியாக இருந்து, கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் மட்டும் இப்படி வருகிறதா? கிரான் வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறது. முழுப் பாதையைக் கொடுங்கள். என்விரான்மென்ட் வேரியபிளில் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அதுவும் கிரானுக்குத் தெரியாது.

சரி, எரரே இல்லாமல் காலியாக இருக்கும் டேபிளுக்கு வருவோம். கமிட், அதாவது எழுதியதை நிரந்தரமாக்கும் கட்டளை, போட்டீர்களா? பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரிகளில் பெரும்பாலானவை தாமாகக் கமிட் செய்யாது. பிஎச்பியின் டேட்டாபேஸ் லைப்ரரியான பிடிஓ செய்யும். அதனால் பிஎச்பியிலிருந்து பைத்தானுக்கு வந்தவர்கள் கட்டாயம் ஒருமுறை இதில் விழுவார்கள். நான் விழுந்தது இன்னும் கேவலம். அதே ஸ்கிரிப்டுக்குள்ளேயே எண்ணிக்கை கேட்டுப் பார்த்தேன், முழுசாக வந்தது, நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டேன். கமிட் ஆகாததும் அதே கனெக்ஷனுக்குத் தெரியும் என்பது காலையில்தான் உறைத்தது. சரிபார்ப்பதை எப்போதும் வேறு கனெக்ஷனில் செய்யுங்கள்.

அதற்காக ஒவ்வொரு வரிக்கும் ஒரு கமிட் போட்டுவிடாதீர்கள், எஸ்கியூலைட்டில் ஆமை வேகத்துக்குப் போய்விடும். சில ஆயிரம் வரிக்கு ஒன்று போதும்.

மதிப்புகளைச் சரத்தோடு (ஸ்ட்ரிங்) ஒட்டி இன்சர்ட் எழுதாமல் கேள்விக்குறி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் பைத்தானில் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஒரு மதிப்பு, 'தமிழ்' என்ற சொல், அதை அடைப்புக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். எஸ்கியூலைட் சொல்கிறது: தேவை 1, கொடுத்தது 5. கண்ணுக்கு மூன்று எழுத்துதானே, ஐந்து எங்கிருந்து வந்தது? அடைப்புக்குள் மதிப்புக்குப் பின்னால் ஒரு கமா போட்டால்தான் அது டப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு), இல்லையென்றால் வெறும் சரம், அதை ஒவ்வொரு குறியாகப் பிரித்துவிடும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மொத்தம் ஐந்து.

தமிழ் என்றதும் எழுத்துச் சிக்கல். டேபிளில் கேள்விக்குறியாக வரிசைகட்டி நின்றால் டேட்டா போய்விட்டது, திரும்ப ஏற்றத்தான் வேண்டும். ஐரோப்பிய எழுத்துகள் மாதிரி கிறுக்கலாகத் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரம், படிக்கிற விதம்தான் தப்பு. மைஎஸ்கியூஎல்லில் டேபிள், கனெக்ஷன் இரண்டையும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்ற எழுத்துக் குறியாக்கமாக வையுங்கள். பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 தமிழைத் தாங்கும், இமோஜி வந்தால் படுத்துவிடும்.

சிஎஸ்வி ஃபைல் (மதிப்புகளைக் கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) தான் கடைசி எதிரி. முதல் காலத்தின் (நெடுவரிசையின்) பெயர் கண்ணுக்குச் சரியாக இருந்தும் 'இல்லை' என்கிறதா? யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல், ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை வைத்திருக்கும். பைத்தானில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுத்தால் போய்விடும். கடைசிக் காலத்தில் தேடினால் எதுவும் பொருந்தவில்லையா? விண்டோஸ் வரிமுடிவின் மிச்சம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் படித்தால் 00417 என்ற ஐடி 417 ஆகிவிடும், எல்லாவற்றையும் சரமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் இப்போதெல்லாம் நேராக நிஜ டேபிளில் ஏற்றுவதே இல்லை. எல்லாக் காலமும் டெக்ஸ்ட் வகையாக ஒரு தற்காலிக டேபிள், அதில் அப்படியே கொட்டு, தேதியையும் எண்ணையும் அங்கிருந்து எஸ்கியூஎல்லால் மாற்றி நகர்த்து. எந்த வரி கெட்டது என்று அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். கொட்டியதும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஃபைலின் வரிகளை எண்ணி ஒப்பிடாதீர்கள், முகவரிக் காலத்துக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் கணக்கு உதைக்கும். சிஎஸ்வி ரீடரைக் கொண்டே எண்ணுங்கள், தலைப்பு வரியைக் கழிக்க மறக்காமல்.