ஒலிநூல் வாசிக்கக் கற்பது எப்படி: ஸ்டீபன் ஃபிரையின் தொழில்வாழ்வை முன்வைத்து

குரலை வைத்துப் பிழைக்க விரும்புவோர் பெரும்பாலும் தொண்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். வெந்நீர், தேன், சுக்கு, கனத்த குரலுக்கான பயிற்சி என்று சில மாதங்கள் போய்விடுகின்றன. அதன் பிறகு மைக்கின் முன் உட்கார்ந்து ஒரு பக்கத்தை வாசித்தால், குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கேட்பவர் இரண்டாம் நிமிடத்திலேயே அணைத்துவிடுகிறார். குறை தொண்டையில் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய தொழில்வாழ்வை முழுதாகப் பார்ப்பது நல்லது. 1957இல் லண்டனில் பிறந்த ஸ்டீபன் ஃபிரை நகைச்சுவை நடிகர், நாவலாசிரியர், 2003 முதல் 2016 வரை தொலைக்காட்சி வினாடிவினா ஒன்றை நடத்தியவர், ஆவணப்படங்கள் செய்தவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னணிக் குரல் கலைஞர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமலேயே இத்தனையும் செய்தவர். அவர் நடந்த வழியில் நமக்கு உதவக்கூடிய இடங்களில் மட்டும் நின்று பார்ப்போம்.

முதல் வேலை வாசிப்பு. ஃபிரை வளர்ந்தது நார்ஃபோக்கின் நாட்டுப்புறத்தில். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் நாடகம் ஒன்றைப் பார்த்து, ஆங்கிலத்தை இப்படியும் பேச முடியுமா என்று திகைத்ததையும், ஊருக்கு வரும் நடமாடும் நூலக வண்டியில் வைல்டின் நூல்களைக் கேட்டு வாங்கிப் படித்ததையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தேடலில் வைல்டின் வழக்கு விசாரணை பற்றிய நூலும் கைக்கு வந்து சேர்ந்தது. 1895இல் ஒரு மாபெரும் எழுத்தாளரைச் சிறைக்கு அனுப்பிய தன்பாலீர்ப்பு என்ற அந்த இயல்பு தனக்குள்ளும் இருப்பதைச் சிறுவன் அப்போது உணர்ந்தான். மொழியின் மீது கொண்ட மோகமும் தன்னைப் பற்றிய அறிவும் ஒரே வண்டியில் வந்து இறங்கின என்று சொல்லலாம். 1997இல் அவர் திரையில் வைல்டாகவே நடித்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்த வாக்கிய நடை நம்மை உலுக்கியதோ அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதே. நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் ஒரே வகை எழுத்தாக இருக்கக் கூடாது. நாவலில் இரண்டு பக்கம், நாளிதழின் தலையங்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், ஒரு பழைய கடிதம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தின் நடுவிலேயே குரலை இறக்கிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. முற்று வரும் வரை குரலை ஏந்திப் பிடித்துச் செல்லவும், மூச்சை எச்சங்களுக்குப் பின்னால் மட்டும் எடுக்கவும் பழகுவதே முதல் மாதத்தின் முழுப் பாடம்.

இரண்டாவது, பிறர் பேசுவதைக் கேட்பது. பதினேழு வயதில் குடும்ப நண்பர் ஒருவரின் கடன் அட்டையைத் திருடிச் செலவழித்துப் பிடிபட்டு, விசாரணைக் கைதியாகச் சில மாதங்கள் அடைபட்டிருந்த ஃபிரை, வெளியே வந்த பின் படித்துக் கேம்பிரிட்ஜின் குயின்ஸ் கல்லூரியில் இடம் பிடித்தார். அங்கே ஃபுட்லைட்ஸ் நாடகக் குழுவில் பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களான ஹியூ லாரி, எம்மா தாம்ப்சன் போன்றோருடன் சேர்ந்து நடித்தார். 1981இல் எடின்பரோ விழாவில் அந்தக் குழு நகைச்சுவைக்கான முதலாவது பெரியர் (Perrier) விருதை வென்றது. பிறகு பிபிசி வானொலியில், இருபதுகளின் இறுதியில் இருந்த அவர், டொனால்ட் டிரெஃபூசிஸ் என்ற கற்பனைக் கிழப் பேராசிரியராகப் பேசிப் பெயர் பெற்றார். தன்னைவிடப் பல பத்தாண்டுகள் மூத்த ஒருவராக வாரந்தோறும் சில நிமிடம் பேசுவது குரல் நடிப்புக்கு மிகச் சிறந்த பயிற்சி. நீங்களும் ஓர் ஆளை உருவாக்குங்கள்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அம்மா, யாராக இருந்தாலும் சரி. அவர் இந்த வாரச் செய்தியைப் பற்றி என்ன சொல்வார் என்று எழுதி, மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். குரலை மாற்றுவது இங்கே முக்கியம் அல்ல. அவர் எங்கே தயங்குவார், எதை அவசரமாகச் சொல்லிக் கடப்பார் என்பதுதான் முக்கியம்.

இனி ஒரு நூலை எடுத்துக்கொண்டு வாசிக்கும் முறை. ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு நூல்களையும் பிரிட்டிஷ் பதிப்புக்காக வாசித்தவர் ஃபிரை. 1990களின் இறுதியில் தொடங்கிய பணி 2007இல் முடிந்தது. அதைப் பற்றி அவர் மேடைகளில் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஹாரி எதையோ சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான் என்பதை ‘ஹாரி பாக்கெட்டட் இட்’ என்று நூலாசிரியர் ரௌலிங் எழுதியிருந்தார். டகரம் அடுத்தடுத்து வரும் அந்தத் தொடர் ஃபிரையின் நாவில் எத்தனை முறை முயன்றும் சிக்கிக்கொண்டது. வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று ரௌலிங்கிடமே தொலைபேசியில் கேட்டார். கூடாது என்று பதில் வந்ததோடு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு நூலிலும் அதே தொடர் தவறாமல் இடம்பெற்றது. சிரிப்புக்காகச் சொல்லப்படும் கதைதான் என்றாலும் தொழிலின் இரண்டு விதிகள் அதில் அடங்கியிருக்கின்றன. வாசிப்பவர் ஆசிரியரின் ஒரு சொல்லையும் தன் வசதிக்காக மாற்ற முடியாது. சிக்கும் இடம் எது என்பது பதிவுக்கூடத்தில் அல்ல, அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நூலை முழுதும் ஒருமுறை மௌனமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டுப் பதிவைத் தொடங்கிய பின், ஒரு பாத்திரம் கடலோர ஊர்க்காரர் என்று இருநூறாம் பக்கத்தில் தெரியவந்தால் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலால் மூச்சுக்கு ஒரு கோடும், நாக்கு சிக்கும் இடத்துக்கு ஒரு வட்டமும் இடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், மருத்துவச் சொல் ஆகியவற்றை எப்படி உச்சரிப்பது என்று ஆசிரியரிடமோ விவரம் தெரிந்தவரிடமோ கேட்டுத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொருவர் குரலிலும் பத்து நொடி மாதிரியைப் பதிந்து சேமித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே ஆள் மீண்டும் வரும்போது நினைவு கைவிடும், மாதிரி கைவிடாது.

எத்தனை குரல் வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அதே வரிசையை அமெரிக்கப் பதிப்புக்காக வாசித்த ஜிம் டேல் ஒரே நூலில் நூற்றுக்கு மேற்பட்ட குரல்களைப் படைத்தவர். அது ஒரு வித்தை. ஃபிரையின் பலம் என் காதுக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கதை சொல்லும் குரல் அவருடையதாகவே, வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து படிப்பதுபோல் நிலையாக நிற்கிறது. கதையில் வரும் பேருருவ மனிதர் ஹாக்ரிட் போன்ற சிலருக்கு மட்டும் வட்டார வழக்கின் சாயல் அழுத்தமாக ஏறுகிறது. தொடங்குவோர் இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றுவதே நல்லது. பெண் பாத்திரத்துக்குக் குரலைக் கீச்சிடச் செய்ய வேண்டியதில்லை. வேகத்தையும் வாக்கிய முடிவையும் சற்று மாற்றினாலே கேட்பவர் புரிந்துகொள்வார். பாட வராதே என்றும் கவலைப்பட வேண்டாம். தனக்குப் பாடவே வராது என்பதை ஃபிரை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மைக்கின் விலையைவிட அறையின் அமைதிதான் பதிவைத் தீர்மானிக்கிறது. துணி நிறைந்த அலமாரி உள்ள சிறிய அறை, சுவரில் இரண்டு கனத்த போர்வை, மின்விசிறியை அணைத்தாலும் தாங்கக்கூடிய விடியற்காலை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். பகரம் காற்றை ஊதித் தள்ளாமல் இருக்க மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, நடுவே காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை நிறுத்துங்கள். வாய் உலர்ந்து சொடுக்குச் சத்தம் கேட்டால் ஒரு பச்சை ஆப்பிளைக் கடிப்பது குரல் கலைஞர்கள் வழிவழியாகச் செய்துவரும் வைத்தியம். ஒலிநூல் விற்கும் ஆடிபிள் நிறுவனத்துக்காகத் தனி வாசிப்பாளர்கள் பதிவேற்றும் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவுகளை அடைய இப்போதே பழகுவது நல்லது: சராசரி ஒலியளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபெல், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், அறையின் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே.

உடல் தாங்குமா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் முழுவதையும் ஃபிரை வாசித்து 2017இல் வெளிவந்த தொகுப்பு ஏறத்தாழ 72 மணி நேரம் ஓடுகிறது. அனுபவசாலிக்கும் ஒரு மணி நேர முடிந்த ஒலிக்கு இரண்டு மணி நேர வாசிப்பு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் இருபத்து நான்கு நாட்கள் ஆகும். புதியவர் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யாதிருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் குரல் கெடுவதற்கு முன்பே கவனம் கெடும். மறுநாள் அத்தனையையும் அழிக்க வேண்டியிருக்கும்.

நூல் வாசிப்போடு மட்டும் நின்றுவிடாதீர்கள். 2005இல் வந்த விண்வெளி நகைச்சுவைப் படம் ஒன்றில், எதற்கும் பதற்றப்படாத ஒரு பயணக் கையேட்டின் குரலாக ஃபிரை பேசினார். 2008இல் லிட்டில் பிக் பிளானட் என்ற வீடியோ விளையாட்டில் விளையாடுபவருக்கு வழி சொல்லும் நட்பான குரலாகவும், அதே ஆண்டில் வேறொரு விளையாட்டில் சுயநலம் மிக்க கொள்ளைக்காரனாகவும் வந்தார். 2010இல் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ திரைப்படத்தில் சிரிக்கும் செஷைர் பூனையின் குரலானார். போக்கோயோ என்ற குழந்தைத் தொடரின் ஆங்கில வடிவத்தில் கதை சொன்னார். தூக்கத்துக்கும் தியானத்துக்கும் உதவும் காம் (Calm) செயலிக்காகப் பிரான்சின் லாவண்டர் வயல்களைப் பற்றிக் கேட்பவரைத் தூங்க வைக்கும் கதை ஒன்றும் வாசித்தார். கடைசியாகச் சொன்னதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கக் கதையில் ஆர்வத்தைத் தூண்டக் கூடாது, சலிப்பூட்டவும் கூடாது. வாக்கியத்தின் முடிவுகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் தாழ்ந்து வர வேண்டும். விளையாட்டுக்கான குரலில் இதற்கு நேர்மாறு: முன்பின் தொடர்பில்லாத நூறு வரிகளைத் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் முழுச் சூழலும் தெரியுமாறு சொல்ல வேண்டும்.

தன் இயல்பை வெளிப்படையாக வைத்துக்கொண்டு இத்தொழிலில் இருப்பது பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் முகம் தெரியாத தொழில் என்று நம்பி வருவோருக்குக் குரலே காட்டிக்கொடுக்கும் என்ற அச்சம் இருக்கிறது. ஃபிரைக்குப் பத்து வயது ஆகும்போதுதான், 1967இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்த ஆண்கள் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றானது; அவர் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த 1988இல் உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடுக்கும் சட்டப்பிரிவு வந்து, 2003 வரை அங்கே நீடித்தது. அந்தக் காலத்திலும் அவர் மறைக்கவில்லை. 2015இல் தன் துணைவரை மணந்தார். 2025 புத்தாண்டுப் பட்டியலில் சர் பட்டம் பெற்றார். இதைப் படித்துவிட்டு எல்லோரும் நாளையே அறிவிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீடும் ஊரும் பாதுகாப்பும் ஒவ்வொருவருக்கும் வேறு. காலத்தை அவரவரே குறிக்க வேண்டும்.

ஆனால் மைக்கின் முன் செய்யக்கூடியவை சில உண்டு. “இன்னும் கொஞ்சம் ஆம்பளையா படிங்க” என்று இயக்குபவர் சொன்னால், அதைக் காயமாக வாங்கிக்கொள்ளாமல் தொழில்நுட்பக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: “வேகத்தைக் குறைக்கவா, வாக்கிய முடிவை இறக்கவா, சுருதியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கவா?” பெரும்பாலும் அவருக்கு வேண்டியது இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அப்படி இல்லையென்றால் அவர் கேட்டது எது என்பது அவருக்கே உறைக்கும். கேலிக்காக எழுதப்பட்ட தன்பாலீர்ப்பாளர் பாத்திரம் மட்டுமே தொடர்ந்து வந்தால், ஒன்றிரண்டுக்குப் பின் மறுக்கத் தயங்காதீர்கள். மாதிரிப் பதிவில் அறிவியல் கட்டுரை ஒன்றையும் துப்பறியும் கதை ஒன்றையும் முன்னால் வைப்பது வாய்ப்பு தருபவரின் எண்ணத்தை மாற்ற உதவும்.

முடியாதபோது முடியாது என்று சொல்லப் பழகுவதும் தொழிலின் பகுதியே. 1995இல் லண்டனில் நாடகம் ஒன்று மேடையேறிய சில நாட்களிலேயே ஃபிரை யாரிடமும் சொல்லாமல் பெல்ஜியத்துக்குப் போய்விட்டார். மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனைக் கோளாறு தனக்கு இருப்பது அதன் பிறகே அவருக்குத் தெரிந்தது. 2006இல் அந்த நோயைப் பற்றி அவரே ஆவணப்படம் எடுத்தார், 2011 முதல் மைண்ட் என்ற மனநல அமைப்பின் தலைவராகவும் இருந்தார். உங்கள் ஒப்பந்தத்தில் நோய்க்கான கால நீட்டிப்பு எழுத்தில் இருக்கட்டும், நிலைமை சரியில்லை என்று தெரிந்த அன்றே செய்தி அனுப்புங்கள்.

ஒப்பந்தம் என்றதும் இன்று முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. 2023 செப்டம்பரில் லண்டன் தொழில்நுட்ப விழா ஒன்றில் ஃபிரை ஓர் ஆவணப்படத் துணுக்கை ஒலிக்கவிட்டார். பேசியது அவர் குரல். ஆனால் அதில் ஒரு சொல்லையும் அவர் பேசவில்லை. அவர் வாசித்த ஹாரி பாட்டர் ஒலிநூல்களைக் கொண்டு, அவரிடம் கேட்காமலேயே, செயற்கை நுண்ணறிவு அக்குரலை உருவாக்கியிருந்தது. ஆகவே கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள்: பதிவு எந்தப் பணிக்கு மட்டும் பயன்படும், எத்தனை ஆண்டுகளுக்கு, குரலைச் செயற்கையாக உருவாக்கவோ அதற்காகக் கணினியைப் பழக்கவோ தனி எழுத்து அனுமதியும் தனி ஊதியமும் வேண்டுமா. ‘எல்லா ஊடகங்களிலும், இனி கண்டுபிடிக்கப்படவிருக்கும் முறைகளிலும், நிரந்தரமாக’ என்ற தொடர் இருந்தால் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். திருத்தப்பட்ட பிரதி கைக்கு வந்த பிறகு முதல் அத்தியாயத்தைப் பதிவு செய்தால் போதும்.