புதுச்சேரிப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரையும் கார்னிஸும் பழுதுபார்ப்பது எப்படி

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் மீண்டும் எழும்பிய ஊர்தான் இன்றைய பழைய தெருக்கள். பிரெஞ்சு மாளிகையோ, திண்ணை வைத்த தமிழ் வீடோ, உள்ளே இருப்பது செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். தூண் தலைப்பும், மாடி விளிம்பில் பட்டையாகத் துருத்தி ஓடும் கார்னிஸும் அதே சுண்ணாம்பில் இழுத்தவை.

அதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கலின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

எனவே முதலில் மழைநீர்க் குழாய் அடைப்பு, தண்ணீர்க் கசிவு, சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதை மட்டும் உளியால் எடுங்கள். மெஷின் வேண்டாம், அதிர்வில் நல்ல காரையும் விட்டுப்போகும். செங்கல் இடுக்குகளை 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டித் தூசு தட்டுங்கள்.

சுண்ணாம்பு நீற்றும்போது, அதாவது சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் குழம்பாக்கும்போது, தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய் போலாகும். அவசரப்பட்டால் நீறாத துகள் பூசிய பின் சுவரிலேயே விரிந்து, சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும்.

அடிப்பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய ஆற்று மணல். ஓதமுள்ள அடிச்சுவருக்கு 1 சுண்ணாம்பு, 1 செங்கல் தூள், 2 மணல். கடல் மணல் பக்கமே போகாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அளவு மிஞ்சினால் காரை இறுகத் தாமதமாகும், கறையும் படியும்.

சுவரை நன்றாக நனைத்து, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசுங்கள். மேலே கீறல் போட்டு, ஒரு வாரம் விட்டு அடுத்தது. நனைத்த சாக்கு தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய ஜனவரி, பிப்ரவரி இதற்கு ஏற்றவை.

கார்னிஸ்தான் நிதானம் கேட்கும் வேலை. சேதமாகாத பகுதியின் வடிவத்தை அட்டையில் பிரதியெடுத்து, தகரத்தில் வெட்டி, பலகையில் ஆணியடியுங்கள். இதுதான் அச்சு. வடிவம் வாசிக்கக் கண் பழக வேண்டுமென்றால், பாரதி பூங்காவில் நிற்கும், மூன்றாம் நெப்போலியன் காலத்து ஆயி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சுவரில் மட்டம் பார்த்து மரச் சட்டம் அடித்து, அதன்மேல் அச்சை ஒரே திசையில் இழுக்க வேண்டும். துருத்தும் உட்பகுதி செங்கலாக இருக்கட்டும். முழுக்கச் சாந்திலேயே நிரப்பினால் கனம் தாங்காமல் தொங்கிவிடும். ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் மெல்லிய பூச்சு. கடைசி 2 மில்லிமீட்டருக்கு மட்டும் சம அளவு சுண்ணாம்பும் சலித்த நைஸ் மணலும்.

மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் மீண்டும் அதே அடைப்பு. பால் போன்ற நீர்த்த சுண்ணாம்பை, நாளுக்கொன்றாக நான்கைந்து முறை ஈரச் சுவரில் அடியுங்கள். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும்.