ஊசிப் படிகத்தை அழுத்தி அளப்பது எப்படி

டி.எம்.டி.எஸ்.எஃப். என்ற செலினியம் கொண்ட மூலக்கூறுகளும் பி.எஃப்.6 என்ற பாஸ்பரஸ்-ஃபுளூரின் அயனிகளும் சேர்ந்த கரிமப் படிகம் 12 கெல்வின் வரை உலோகம்போல மின்சாரம் கடத்தும். அதற்குக் கீழே எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் (சிறு காந்தம்போன்ற தற்சுழற்சிகள்) அலையாக ஒழுங்குபட்டுக் கடத்தல் நின்றுவிடும். அழுத்தினால் மூலக்கூறு அடுக்குகள் நெருங்கும். எலக்ட்ரான்கள் பக்கத்து அடுக்குக்கும் எளிதாகத் தாவும். அந்த ஒழுங்கு குலையும். பாரிஸ் அருகே ஒர்சேயில் டெனி ஜெரோம் குழு, கிளாஸ் பெக்கார்டு உருவாக்கிய இந்தப் படிகத்தில், 12 கிலோபார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப்போலச் சுமார் 12,000 மடங்கு) 0.9 கெல்வின் அளவில் மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதை, கண்டு 1980-ல் வெளியிட்டது. கரிமப் பொருளில் அதுதான் முதல் முறை.

அளக்கத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது படிகத்தைத் தொடுவதற்கு. கறுப்பு ஊசி, சில மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். இடுக்கியால் பிடித்தால் உடையும். மெல்லிய கம்பியின் நுனியில் துளி எண்ணெய் தொட்டு ஒட்டியெடுங்கள். நுண்ணோக்கியின் கீழ் நான்கு தங்கக் கம்பிகளைக் கார்பன் பசையால் ஒட்டுங்கள்: மின்னோட்டம் செலுத்த இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு. கம்பியில் சிறு வளைவு விடுங்கள். இழுத்துக் கட்டினால் குளிரும்போது படிகத்தோடு பிய்ந்து வரும். பசை காய அவசரப்படாதீர்கள்.

படிகத்தின் பக்கத்திலேயே ஒரு துண்டு ஈயத்தையும் நான்கு கம்பிகளோடு வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹைட்ராலிக் பிரஸ் காட்டும் அழுத்தத்தில் பிஸ்டனின் உராய்வும் சேர்ந்திருக்கும். போதாததற்கு, படிகத்தைச் சூழ்ந்து அழுத்தத்தைக் கடத்தும் டாஃப்னி 7373 எண்ணெய் குளிர்ந்து உறையும்போது அழுத்தம் 2 கிலோபார் வரை குறைந்துவிடும். ஈயம் 7.2 கெல்வினில் மீக்கடத்தியாகும். கிலோபாருக்குச் சுமார் 0.036 கெல்வின் வீதம் அது இறங்கும். 6.84-ல் கண்டால் உள்ளே இருப்பது 10 கிலோபார். நான் குறிப்பேட்டில் எழுதுவது இந்த எண்ணைத்தான்.

படிகமும் எண்ணெயும் அடைபட்ட பெரிலியம் செம்புக் கலத்தை அழுத்தும்போது பிஸ்டனுக்கு நேரே நிற்காதீர்கள். அழுத்தத்தை அறை வெப்பநிலையில் மட்டும் மாற்றுங்கள். ஒரே படிகத்தில் ஏறுமுகமாகவே போங்கள்.

குளிர்விப்பதில்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை, அழுத்தமில்லாமல், இரண்டே மணி நேரத்தில் இறக்கினேன். மின்தடை நான்கு இடங்களில் துள்ளியது. நிலைமாற்றம் என்று நம்பி வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். சூடாக்கியபோது மின்தடை பழைய மதிப்புக்குத் திரும்பவில்லை: எல்லாம் விரிசல். இப்போது நிமிடத்துக்கு அரை கெல்வினுக்கு மேல் போவதில்லை.

குறைந்த அழுத்தங்களில் மின்தடையின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். சரிவு உச்சமாகும் இடமே ஸ்பின் ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை. அழுத்தம் ஏற ஏற அது கீழே நகர்ந்து, 9 கிலோபாரை ஒட்டி மறையும். அங்கே இரண்டு நிலைகளும் கலந்திருக்கும், ஆகவே சிறு படிகளாக ஏறுங்கள்.

அதற்கு மேலான அழுத்தங்களில், 1 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்கும் ஹீலியம்-3 குளிர்கலன் வேண்டும். மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். மின்தடை மாறினால் படிகம் சூடாகிறது, இன்னும் குறையுங்கள். 1 கெல்வின் அருகே மின்தடை விழுந்ததும் காந்தப்புலத்தை மெல்ல ஏற்றுங்கள். மின்தடை திரும்பி வந்தால் அது மீக்கடத்தல். எவ்வளவு ஏற்றியும் பூஜ்ஜியத்திலேயே நின்றால் மின்னழுத்தக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கலத்தைத் திறக்க வேண்டியதுதான்.