விண்டோஸ் போட்ட பிறகு டிரைவ் எழுத்து மாறிப்போனால்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கடைகளில் பழைய டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டி பூட்டி விண்டோஸ் போட்டு முடிந்ததும் வரும் முறைப்பாடு இது: டி டிரைவில் இருந்ததெல்லாம் இப்போது ஈ டிரைவில் நிற்கிறது. ஷோர்ட்கட் திறக்காது, கணக்கு மென்பொருள் தன் கோப்பைக் காணவில்லை என்னும். கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. பதற்றத்தில் எதையும் ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள்.

மாறியது எந்த எழுத்து என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறவுங்கள். 'பூட்' என்று எழுதியிருக்கும் பகுதியில்தான் (பார்ட்டிஷன்) இப்போது ஓடும் விண்டோஸ் இருக்கிறது. 'சிஸ்டம்' என்று இருப்பது பெரும்பாலும் கணினியைக் கிளப்பும் சிறிய பகுதி. பெயர்கள் இரண்டும் தலைகீழாக வைத்ததுபோல் இருப்பதால் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். 'பூட்' பகுதிக்கு சி இருந்தால் ஐந்து நிமிட வேலைதான்.

பொதுவாக டிவிடி டிரைவோ கார்ட் ரீடரோ டி என்ற எழுத்தை முந்திப் பிடித்திருக்கும். பிடித்த எழுத்தை விடுவிக்காமல் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. கீழ்ப்பகுதியில் 'சிடி ரொம் 0' என்பதை ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அன்ட் பாத்ஸ்', பிறகு 'சேஞ்ச்' கொடுத்து இசட் எழுத்தைத் தெரிவுசெய்யுங்கள். கடைசி எழுத்து என்பதால் பிறகு செருகும் பென் டிரைவ்களோடு மோதாது. அடுத்து ஈயில் நிற்கும் பகுதிக்கு அதே வழியில் டியைக் கொடுங்கள். சில மென்பொருள்கள் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். பழைய எழுத்துக்கே திரும்புவதால் 'யெஸ்' கொடுக்கலாம். எழுத்து மாற மறுத்தால் அந்தப் பகுதியில் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சிக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள்.

சில நூறு எம்பி அளவில் ஒரு புது டிரைவ் முளைத்து 'இடம் போதாது' என்று ஓயாமல் சொன்னால், அது விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய ரிக்கவரி பகுதிக்குத் தவறி எழுத்து கிடைத்ததால் வருவது. அதில் ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டுமே வரும். கமான்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட் கட்டளையை இயக்குங்கள். 'லிஸ்ட் வொலியூம்' கொடுத்து அளவைப் பார்த்து இலக்கத்தை உறுதிசெய்து, 'செலெக்ட் வொலியூம்' என்பதோடு அந்த இலக்கத்தைக் கொடுத்து, 'ரிமூவ் லெட்டர்=' என்பதோடு அந்த எழுத்தைச் சேர்த்துக் கொடுத்து எழுத்தை மட்டும் எடுங்கள். 'கிளீன்' கட்டளையைத் தொட்டுவிடாதீர்கள். அது தெரிவில் இருக்கும் டிஸ்க்கின் பகுதிகள் முழுவதையும் துடைத்துவிடும்.

விண்டோஸே டியில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. பழைய விண்டோஸ் ஓடும்போதே அதற்குள்ளிருந்து செட்டப்பை இயக்கிப் புதியதை வேறொரு பகுதியில் போட்டால், பழைய எழுத்து வரிசையே தொடரும். எக்ஸ்பி காலத்தில் கார்ட் ரீடரைச் செருகியபடி போட்டாலும் சி கிடைக்காமல் போகும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்) மவுன்டட் டிவைசஸ் பகுதியைத் திருத்தி டியைச் சியாக்கும் வழி இணையத்தில் நிறையக் கிடைக்கும். செய்யாதீர்கள். ரெஜிஸ்ட்ரி முழுக்க டி என்றே பாதைகள் பதிந்திருக்கும். எழுத்தை மட்டும் மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். டியிலேயே ஒழுங்காக ஓடினால் விட்டுவிடலாம். சிதான் வேண்டும் என்றால், தரவுகளைக் கொப்பி எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் நேரான வழி.

மறுபடி போடும்போது கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மற்ற ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரை உருவிவிடுங்கள். செட்டப் இருக்கும் பென் டிரைவைத் தவிர வேறெதுவும் செருகியிருக்கக் கூடாது. அந்தப் பென் டிரைவிலிருந்தே பூட் செய்யுங்கள். கரண்ட் போய்வரும் நாளென்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். முதல் தடவை டெஸ்க்டொப் வந்து, 'பூட்' பகுதி சி என்று உறுதியான பிறகே பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த (குளோன் செய்த) எஸ்எஸ்டிக்கும் இதே விதிதான்: முதல் பூட்டில் பழைய டிஸ்க் கழன்றிருக்க வேண்டும்.

செட்டப் திரையில் ஷிஃப்ட், எஃப்10 அழுத்திக் கமான்ட் புரொம்ப்டைத் திறந்து பார்க்கும்போது எழுத்துகள் வேறாகத் தெரிவது பிழையல்ல. செட்டப் தன் வசதிக்கு எழுத்து கொடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் ஏறியதும் அது போய்விடும்.