கல்லூரிக்கு பாஸ்வேர்டு மேனேஜர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியார் பல்கலைக்கழகத்தின் வளாகம் சேலத்தை ஒட்டிய கருப்பூரில் இருக்கிறது. இணைவுக் கல்லூரிகளோ சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. இந்த அளவுள்ள ஓர் இடத்தில் பாஸ்வேர்டு மேனேஜரை, அதாவது எல்லா பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் பூட்டிவைக்கும் மென்பொருளை, வாங்குவது சின்ன வேலைதான். அலுவலக உதவியாளர் முதல் ஆய்வு மாணவர் வரை எல்லாரையும் அதை நம்பிப் பயன்படுத்த வைப்பதுதான் பெரிய வேலை.

முதல் தவறு, "வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் நிறுவ வேண்டும்" என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது. அவசரத்தில் பெயரும் பிறந்த வருடமும்தான் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஆகும். மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒன்றில்தான் நிற்கிறது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களைத் திருடிவிட்டார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில்தான் இருந்தன. ஆனால் நகல் கையில் இருந்தால் திருடன் தன் கணினியிலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். தடுக்க யாரும் இல்லை. பலவீனமான மாஸ்டர் பாஸ்வேர்டு அங்கே தாங்காது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் குலுக்கிப்போட்டு எடுங்கள். குறளோ பாட்டு வரியோ வேண்டாம், அது ஊருக்கே தெரிந்தது.

அதை மறந்துவிட்டால்? பிட்வார்டன் போன்ற மேனேஜர்களில் மென்பொருள் நிறுவனத்திடமும் அது இருக்காது. நிர்வாகம் முன்கூட்டியே கணக்கு மீட்பு வசதியை ஏற்படுத்தியிருந்தால்தான் வழி உண்டு. அதனால் முதல் நாளிலேயே அதைச் செய்துவிட வேண்டும். தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைப்பதைத் தவறு என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மானிட்டரில் ஒட்டிவைப்பதுதான் ஆபத்து. அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கடைசியில் 1, 2 என்று எண்ணை மட்டும் மாற்றுவார்கள். காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் சொல்லிவிட்டது.

துறையின் பொது மின்னஞ்சலுக்கு ஒரே பாஸ்வேர்டு, அது வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். இதை மேனேஜரில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வுத் தொகுப்புக்கு மாற்றுவது நல்லது, ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் தொகுப்பிலிருந்து பெயரை நீக்குவது மட்டும் போதாது. பார்த்த பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

மாணவர்களின் சொந்தப் பெட்டகத்தைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கவைப்பது இன்னொரு தவறு. படிப்பு முடிந்து அந்த மின்னஞ்சல் மூடப்பட்டால் உறுதிப்படுத்தும் குறியீடுகள் வந்து சேராது. சொந்த மின்னஞ்சலில் தொடங்கட்டும். பாஸ்வேர்டுகளை மேனேஜருக்கு மாற்றுவதற்காகப் பழைய இடத்திலிருந்து எடுக்கும் சிஎஸ்வி கோப்பில் (பூட்டில்லாத சாதாரண அட்டவணைக் கோப்பு) எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும், ஏற்றியவுடன் அழித்துவிடுங்கள்.

இரண்டாம் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் ஓ.டி.பி.-யை மட்டும் நம்பினால் ஏற்காடு பக்கத்து மலைக் கிராமத்து மாணவர் சிக்னல் இல்லாத நேரத்தில் மாட்டிக்கொள்வார். ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு சிக்னலே தேவையில்லை. போனில் இருக்கும் ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்து அதுவே எண்ணைக் கணக்கிடும், போனில் நேரம் சரியாக இருந்தால் போதும். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீட்டை மட்டும் அதே பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். பூட்டிக்கொண்டால் அதை எடுக்க முடியாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சேமித்த தளத்திலேயே பாஸ்வேர்டு தானாக நிரம்பவில்லை என்றால், "சரி, ஏதோ கோளாறு" என்று காப்பி செய்து ஒட்டிவிடுவோம். முதலில் முகவரியைப் பாருங்கள். மேனேஜர் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை ஒப்பிடுகிறது. ஸ்காலர்ஷிப் தளம் மாதிரியே செய்த போலிப் பக்கத்தில் அது பேசாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது பெட்டகத்தை அந்தக் கணினியில் திறக்காமல், போனில் பார்த்து அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பிரௌசர் "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் அந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.