ஜிகினா சுவர் அடிக்கப் போகிறீர்களா? முதலில் ஃபேனை அணையுங்கள்

மகளுக்கு அவள் அறையில் ஒரு சுவர் மட்டும் மினுமினுக்க வேண்டுமாம். 10 அடி அகலம், 9 அடி உயரம். வழக்கமாக வரும் பெயின்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் சரியா வராதுங்க, வால்பேப்பர் ஒட்டிக்கங்க" என்றார். அந்த வீம்பில் நானே ரோலரைக் கையில் எடுத்தேன். முதல் தடவை ஜிகினாவே தெரியவில்லை. இரண்டாம் தடவை சுவரின் நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு. மூன்றாம் தடவைதான் அவள் தலையாட்டினாள். நீங்கள் நேராக மூன்றாம் தடவைக்கே வந்துவிடலாம்.

பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர், இரண்டு கோட்டிங் எமல்ஷன் எல்லாம் எல்லாச் சுவருக்கும் போலத்தான். கடைசிக் கோட்டிங்குக்குப் பிறகு ஒரு முழு நாள் காயவிடுங்கள், போதும். அடியில் என்ன நிறம் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளி ஜிகினா பத்தடி தள்ளி நின்றால் காணாமல் போய்விடும். சாம்பல் நிறத்தில் வெள்ளி, சந்தன நிறத்தில் தங்கம் என்றால் அடக்கமாக இருக்கும். கருநீலத்தில் வெள்ளி போட்டால் இரவு வானம்தான். எங்கள் வீட்டில் அதுதான் ஜெயித்தது.

பெயின்டில் கலக்காதீர்கள்

என் முதல் சொதப்பல் இது. மிச்சமிருந்த எமல்ஷன் டப்பாவிலேயே ஒரு பாக்கெட் ஜிகினாவைக் கொட்டிக் கலக்கி அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் சுவர் லேசாக மணல் ஒட்டியதுபோல் சொரசொரத்தது, அவ்வளவுதான். யோசித்தால் காரணம் எளிது. ஜிகினா என்பது மெல்லிய பாலியஸ்டர் தாளில் அலுமினியப் பூச்சு கொடுத்து, பெரும்பாலும் அறுகோணத் துணுக்குகளாக நறுக்கியது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. எமல்ஷனோ அடியில் இருப்பதை மறைக்கவே செய்யப்பட்டது. கண்ணாடிமேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு முகம் தெரியவில்லையே என்றால் எப்படி?

அதனால் ஜிகினாவைக் கலக்க, நிறமே இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் கிளியர் கோட் வாங்குங்கள். ஆயில் வார்னிஷ் வேண்டாம். நாளாக ஆக மஞ்சளிக்கும். மேட் (மங்கல்), சாட்டின் (மிதமான பளபளப்பு), கிளாஸ் (முழுப் பளபளப்பு) என்று மூன்று வகை கிடைக்கும். மேட் ஜிகினாவின் பளபளப்பைத் தின்றுவிடும், கிளாஸோ, பட்டியில் விட்ட ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். என் ஓட்டு சாட்டினுக்கு. என் 90 சதுர அடிக்கு இரண்டு கோட்டிங் அடிக்க ஒன்றரை லிட்டர் கிளியரும் 100 கிராம் ஜிகினாவும் சரியாக இருந்தன.

ஜிகினாவை ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் குட்டி டப்பாக்களில் வாங்காதீர்கள். சிலவற்றில் சாயம் இறங்கும். எது வாங்கினாலும் ஒரு ஸ்பூன் எடுத்து அதே கிளியரில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கிளியரில் நிறம் ஏறியிருந்தால் அந்த ஜிகினா கோலப்பொடியோடு போகட்டும். அளவில் 0.2 மில்லிமீட்டர் பொடியும் 0.4 மில்லிமீட்டர் பொடியும் வாங்கிப் பார்த்தேன். சிறியது பட்டுப்போல் மின்னுகிறது. பெரியது தனித்தனிப் புள்ளியாகத் தெரிகிறது, ஆனால் கை பட்டால் உரசும். குழந்தைகள் சாயும் சுவர் என்றால் சிறியதே நல்லது.

அந்தக் கோடு வந்த கதை

வாளியில் கலக்கி, டிரேயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ரோலரால் அடிக்க வேண்டும். சொல்ல ஒரு வரிதான். என் இரண்டாம் சொதப்பல் முழுக்க இந்த ஒரு வரிக்குள்தான் நடந்தது.

சித்திரை வெயில். வியர்வை தாங்காமல் சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். பாதிச் சுவர் முடிந்ததும் குக்கர் விசில், உள்ளே போனேன், பத்து நிமிடத்தில் திரும்பினேன். அதற்குள் விட்ட இடத்தின் ஓரம் காய்ந்திருந்தது. மேலே மறுபடி ரோலர் ஓடியதும் அந்த இடத்தில் மட்டும் ஜிகினா இரண்டு மடங்கு. சாதாரண பெயின்டில் இந்த இணைப்பு ஓரளவு மறைந்துவிடும். ஜிகினாவில் மறையவே மறையாது.

ஆகவே ஃபேன் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். சுவரை இரண்டடி அகலப் பட்டைகளாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து கீழ்வரை முடித்து, ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததற்குப் போங்கள். சுவர் முடியும்வரை நிற்கக் கூடாது. குக்கரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்பாஞ்ச் ரோலர் எனக்குப் பிடிக்கவில்லை. கிளியரை மட்டும் சுவரில் பிழிந்துவிட்டு ஜிகினாவை டிரேயிலேயே விட்டுவருகிறது. குட்டை முடி வைத்த மைக்ரோஃபைபர் ரோலர்தான் சமமாகப் போடும். ஒவ்வொரு பட்டையும் முடிந்ததும் காய்ந்த அகலப் பிரஷால் குறுக்கும் நெடுக்குமாக லேசாக ஒரு தடவு தடவுங்கள்; கீழ்நோக்கி வரிசைகட்டி நிற்கும் ஜிகினா கலைந்துவிடும்.

கலக்குவதற்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பாலியஸ்டர் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது; இரண்டு நிமிடம் சும்மா விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் மகள் மரக்குச்சியோடு வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அலுத்துக்கொண்டாள், ஆனாலும் கலக்கினாள்.

ஈரமாக இருக்கும்போது சுவர் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துத் தெரியும். பயப்படாதீர்கள், காய்ந்ததும் தெளிந்துவிடும். திட்டுத்திட்டாக விட்ட இடங்களை அப்போதே போய் ஒட்டுப்போடாதீர்கள். நாலைந்து மணி நேரம் கழித்து அடிக்கும் இரண்டாம் கோட்டிங்கில் தானே நிரம்பும்.

விளக்கு

சுவர் காய்ந்தது. இரவு ட்யூப் லைட்டைப் போட்டால் மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை. அழுதே விடுவேன் போலிருந்தது. தற்செயலாக மொபைல் டார்ச்சை அடித்தேன்: நட்சத்திரங்கள். ட்யூப் லைட் நீளமானது, வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும். ஜிகினாவுக்குப் புள்ளியாக வரும் வெளிச்சம் வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி சீலிங்கில் இரண்டு சிறிய எல்.இ.டி ஸ்பாட் விளக்கு மாட்டினோம். நடந்தால் சுவரும் கூடவே மின்னுகிறது.

சுத்தம்

ரோலரையும் டிரேயையும் சிங்க்கில் கழுவாதீர்கள். ஜிகினா முழுக்கப் பிளாஸ்டிக், சாக்கடை வழியாக எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்ததுதானே. ஐரோப்பிய ஒன்றியத்தில் கைவினைக்கான உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்க 2023 அக்டோபரிலிருந்து தடையே வந்துவிட்டது. மிச்சக் கலவையைப் பழைய பேப்பரில் ஊற்றிக் காயவைத்து, ரோலரோடு சுருட்டிக் குப்பையில் போட்டேன். தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினால் வீடு முழுக்கப் பரவும். பிசைந்த சப்பாத்தி மாவை உருண்டையாக்கி ஒற்றி எடுங்கள், அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். (அந்த மாவைச் சுட்டுவிடாதீர்கள்.)

பிற்சேர்க்கை 1: பிளாஸ்டிக் வேண்டாம் என்றால் காக்காப்பொன் (மைக்கா) தூள் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆனால் நைசான தூளில் துணுக்காக மின்னாது, முத்துப்போல் ஒரு பளபளப்புதான் வரும். பெரியவர்கள் அறைக்கு எனக்கு அதுவே பிடிக்கும்.

பிற்சேர்க்கை 2: ஒருவருக்குச் சுவரின் அடிப்பகுதியில் கிளியர் தோல் உரிவதுபோல் உரிந்ததாம். படத்தைப் பார்த்தால் உப்புப் பூத்திருக்கிறது. ஓதம் ஏறும் சுவரில் எதுவும் நிற்காது. ஓதத்தைச் சரிசெய்த பிறகே ஜிகினாவைப் பற்றி யோசியுங்கள்.

பிற்சேர்க்கை 3: வாடகைக்குக் குடியிருந்து, பிறகு ஜிகினாவை எடுக்க வேண்டியவர்களுக்கு. மேலே நேராகப் பெயின்ட் அடித்தால் நிறம் மறையும், சொரசொரப்பு மறையாது. மாஸ்க் போட்டு, தண்ணீரில் நனைத்த 220 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மெல்லிசாகப் பட்டி இழுத்து, பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு சுவருக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது; கோடு விழுந்த அந்த இரண்டாம் தடவைப் பூச்சை அப்படித்தான் எடுத்தேன்.