செஷனுக்குள் பாஸ்வேர்டு எதற்கு?

மேடவாக்கம் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொடுக்கக் கேட்டார்கள். பெற்றோர் அதில் லாகின் செய்து ஃபீஸ் கட்டுவார்கள். லாகின் செய்தவரை நினைவில் வைக்க சர்வர் எழுதிவைக்கும் குறிப்புதான் செஷன். சர்வரில் அப்படி ஒரு செஷன் ஃபைலைத் திறந்தேன். ஒரு அம்மாவின் மொபைல் எண், அடுத்தே அவருடைய பாஸ்வேர்டு: பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி. பலர் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டைத்தான் வைக்கிறார்கள். எனக்குப் பதறிவிட்டது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆளைச் சரிபார்க்கத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். தேவையே இல்லை. ரங்கநாதன் தெருக் கடையில் பையைக் கொடுத்தால் தரும் டோக்கனில் எண் மட்டும்தானே இருக்கும்? செஷனிலும் பயனர் ஐடி மட்டும் போதும்.

பிஹெச்பி மொழியில் செய்யும் முறை இது. வந்த பாஸ்வேர்டை டேட்டாபேஸில் உள்ள ஹாஷோடு (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டுச் சேமித்த குறியீடு) 'பாஸ்வேர்டு வெரிஃபை' ஃபங்ஷனால் ஒப்பிடுங்கள். சரியென்றால் முதலில் 'செஷன் ரீஜெனரேட் ஐடி' போட்டு செஷனுக்குப் புது ஐடி கொடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பழைய செஷன் ஐடியே தொடர்ந்தால், அதை முன்பே உங்கள் பிரவுசரில் நுழைத்துவைத்தவன் உங்கள் பெயரில் உள்ளே வந்துவிடுவான். அப்புறம் பயனர் ஐடியை செஷனில் எழுதுங்கள். பாஸ்வேர்டின் வேலை அதோடு சரி. லாக் ஃபைலுக்கும் அது போகக் கூடாது. செஷன் ஐடியைப் பிரவுசரில் வைத்திருக்கும் குக்கீக்கு செக்யூர், ஹெச்டிடிபி ஒன்லி, சேம்சைட் என்ற மூன்று பாதுகாப்பு அமைப்புகளையும் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே சர்வரில் கிடக்கும் பழைய செஷன் ஃபைல்களை அழித்துவிடுங்கள், பேக்கப்பில் உள்ளவற்றையும் சேர்த்து.

பாஸ்வேர்டைச் சேமிக்க எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை வேண்டாம். அது வேகமானது, திருடியவனுக்கும் அந்த வேகம் கிடைக்கும். 2013-ல் பிஹெச்பி 5.5-லேயே 'பாஸ்வேர்டு ஹாஷ்' வந்துவிட்டது. வழக்கமாக அது பயன்படுத்துவது பிகிரிப்ட் என்ற மெதுவான ஹாஷ் முறை.

தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்களுக்காக ஒரு விஷயம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'த'வும் உகரக் குறியும் சேர்ந்த 'து' என்ற ஒரே எழுத்துக்கே 6. ஒருவர் 'கற்றது கைமண் அளவு கல்லாதது உலகளவு' என்று வைக்கிறார் என்று பாருங்கள். 'கல்லாதது' முடியும் இடத்தில் சரியாக 72 ஆகிவிடும். 'உலகளவு' கணக்கிலேயே வராது. அந்த இடத்தில் 'கடலளவு' என்று அடித்தாலும் கதவு திறக்கும். உங்கள் சர்வரில் ஆர்கான்2ஐடி என்ற ஹாஷ் முறை இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டு வைக்கும்போதே 72 பைட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். 'ஸ்டர்லென்' ஃபங்ஷன் பைட்டைத்தான் எண்ணும், இதற்கு அது போதும்.

பாஸ்வேர்டு மாற்றியதும் மற்ற செல்போன்களில் திறந்திருக்கும் லாகின்கள் சாக வேண்டும். டேட்டாபேஸின் பயனர் டேபிளில் ஒரு எண்ணை வைக்கப் புது நெடுவரிசை (column) ஒன்றைச் சேருங்கள். லாகினில் அந்த எண்ணையும் செஷனில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் டேபிளோடு ஒப்பிடுங்கள். பாஸ்வேர்டு மாறும்போது எண்ணை ஒன்று கூட்டுங்கள். மாற்றியவரின் செஷனுக்கு மட்டும் புது எண்ணைக் கொடுங்கள். பொருந்தாதவர்கள் லாகின் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.